போசிச் சத்தமும் பாவ்லோவின் நாயும்

வணக்கம் மக்களே! பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில், சித்தி வீட்டுக் கட்டுத்தரையில் நின்று பேசுகிறேன். நடுவில் மாடு கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஆக்கநிலையுறுத்தல், அதாவது ஒன்றை அடுத்து இன்னொன்று வந்து வந்து, முதலாவதுக்கே உடம்பு பழகிக்கொள்வது. பி.எட். புத்தகப் பெயரைக் கேட்டு ஓடிவிடாதீர்கள், விஷயம் இங்கேயே நடக்கிறது.

சித்தி பால் போசியை, அதாவது பால் கறக்கும் பாத்திரத்தை, எடுக்கிறார், பாருங்கள். கைப்பிடி கணங்கென்று இடித்தது. மடியில் இன்னும் கையே வைக்கவில்லை. கேமராவைக் கிட்டக் கொண்டுபோகிறேன்... காம்பு நுனியில் ஒரு சொட்டு நிற்கிறது. அதோ, விழுந்துவிட்டது!

கன்று முட்டினாலோ, மடியைக் கழுவித் தடவினாலோ ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து பால் இறங்கும். இதை யாரும் மாட்டுக்குப் பழக்க வேண்டியதில்லை. அதனால் மடியைத் தொடுவது இயல்பான தூண்டல், பால் இறங்குவது அதற்கு உடம்பு தரும் பதில், அதாவது இயல்பான துலங்கல். போசிச் சத்தத்துக்கு மாட்டிடம் முதலில் எந்த மதிப்பும் கிடையாது. தினமும் முன்னால் சத்தம், பின்னால் கை என்று வந்து வந்து, சத்தமே போதும் என்றாகிவிட்டது. இப்போது அது ஆக்கநிலையுற்ற தூண்டல்.

ரஷ்யாவில் இவான் பாவ்லோவ் நாயிடம் கண்டதும் இதுதான். மனுஷன் உளவியல்காரரே இல்லை. 1904-இல் நோபல் வாங்கியது செரிமான ஆராய்ச்சிக்கு. சாப்பாடு வாயில் படும் முன்பே, கொண்டுவரும் ஆளைப் பார்த்தே நாய்கள் எச்சில் விட்டன. வேறொருவராக இருந்தால் இடைஞ்சல் என்று ஒதுக்கியிருப்பார். இவரோ ஒரு சத்தம், பின்னால் சாப்பாடு என்று கொடுத்து அதையே சோதித்தார். கைடுகளில் எல்லாம் மணி, மணி என்றே இருக்கும். அவர் மெட்ரோனோம் என்ற, டிக் டிக் என்று தாளம் தட்டும் கருவியையும் வைத்துப் பார்த்தார்.

சரி, சேர்ந்து வந்தால் போதும் என்று மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். 1968-இல் ராபர்ட் ரெஸ்கோர்லா என்ற உளவியல்காரர் எலிகளை வைத்துச் சோதித்தார். ஒரு கூட்டத்துக்கு ஒலி வரும்போது மட்டும் ஷாக். இன்னொன்றுக்கு ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஷாக். ஒலியும் ஷாக்கும் சேர்ந்து வந்த அளவு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒலிக்குப் பயந்தது முதல் கூட்டம் மட்டுமே! அடுத்து வருவதைத் துப்புச் சொன்னால்தான் சத்தத்துக்கு மதிப்பு. சித்தி நாள் முழுக்கப் போசியை உருட்டிக்கொண்டிருந்தால் மாடு ஏன் சட்டை செய்யப் போகிறது?

சத்தம் வந்தும் கறவை வராமலே போனால் துலங்கல் மங்கிவிடும். இதற்கு மறைதல் என்று பெயர். ஆனால் அடியோடு போய்விடாது. இடைவெளி விட்டு அதே சத்தம் கேட்டால் திரும்ப எட்டிப் பார்க்கும்.

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்த விதிவிலக்கு ஒன்று. பொதுவாகச் சத்தத்துக்கும் அடுத்து வருவதற்கும் நடுவே நேரம் நீண்டால் பிடிப்பு விழாது. சாப்பாட்டில் அப்படியில்லை. ஜான் கார்சியா என்ற உளவியல்காரர் 1955-இல் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்துக் கதிர்வீச்சால் குமட்ட வைத்தார். பிறகு அவை அந்த இனிப்பை ஒதுக்கின. ஒரே தடவையில், மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் இது நடக்கும் என்று பின்னால் தெரிந்தது. என் தம்பி ஓண விருந்தில் பாலடைப் பிரதமன் என்ற பாயசத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு, நெல்லியாம்பதி வளைவில் வாந்தி எடுத்தான். பஸ்ஸில் இன்றும் ஜாலியாகப் போகிறான். பிரதமன் வாசம் வந்தால்தான் இலையை விட்டு எழுந்துவிடுவான். குமட்டலை உடம்பு நாக்கோடுதான் முடிச்சுப் போடும். பிரதமன்மேல் தப்பில்லை என்று அவனுக்கும் தெரியும். அவன் பங்கு எனக்கு வருவதால் நான் வற்புறுத்துவதில்லை.