முத்தம்மா போட்ட வழக்கு

நேயர்களுக்கு வணக்கம். பெண்களும் அரசுப் பணியும் என்று பேச்செடுத்தாலே நான் முதலில் சொல்லும் பெயர் சி.பி. முத்தம்மா. 1924-இல் குடகில் பிறந்து, சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அந்தப் பணியில் முதல் பெண் அவர்தான்.

நேர்முகத் தேர்விலேயே, இது பெண்களுக்குச் சரிப்படாது என்று அவர் மனத்தைக் கலைக்கப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. சேரும்போது, திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே, நீங்கள் வேலையில் சேர்ந்த நாளை நினைத்துப் பாருங்கள். நியமன ஆணையோடு இப்படி ஒரு தாளையும் நீட்டியிருந்தால்?

பிறகு, 1961-இல் வந்த விதிகளிலும் இதே எண்ணம்தான் அச்சேறியது. பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். மணமான பின், குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கிறது என்று அரசு கருதினால் ராஜினாமா கேட்கலாம். மறுபடியும் சொல்கிறேன், பெண் அதிகாரி மட்டும். ஆணுக்குக் குடும்பம் இல்லையா என்ன?

முத்தம்மா 1970-இல் ஹங்கேரிக்குத் தூதரானார். இந்தப் பணியிலிருந்து தூதரான முதல் பெண்ணும் அவரே. அப்படிப்பட்டவருக்கே பின்னாளில் உயர்நிலைப் பதவி உயர்வை மறுத்தார்கள். பணியில் இருந்துகொண்டே, அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்தத் துணிச்சலை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பதவி உயர்வு வந்துவிட்டது! அனுமதி கேட்கும் விதியையும் நீக்கப் போவதாக அரசு நீதிமன்றத்தில் சொன்னது.

1979-இல் தீர்ப்பு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பெண்ணின் குடும்பப் பொறுப்பு வேலைக்குத் தடை என்றால் ஆணுக்கும் அதே நிலை வரலாமே என்று நம் கேள்வியைத்தான் எழுப்பினார். பதவி உயர்வு கிடைத்துவிட்டதால் மனுவைத் தள்ளுபடி செய்தார். பிரச்சினையைத் தள்ளுபடி செய்யவில்லை என்றும் எழுதினார். பாகுபாட்டின் கறை படிந்த எல்லாப் பணி விதிகளையும் திருத்தும்படி அரசை வலியுறுத்தினார்.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். கானாவிலும் நெதர்லாந்திலும் தூதராக இருந்தது, 1982-இல் ஓய்வு பெற்றது, ஸ்வீடனின் ஓலோஃப் பால்மே தலைமையிலான ஆயுதக் குறைப்பு ஆணையத்தில் உறுப்பினராக உழைத்தது, இவற்றைப் பெயரளவில்தான் சொல்ல முடிகிறது. 2009-இல் பெங்களூருவில் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவே இல்லை. வணக்கம்.