மேலே அனுப்பினோம், கீழே யார் வாங்கிக்கொண்டார்?

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. ஆரம்ப சுகாதார நிலையம், உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் அரசு மருத்துவமனைகள், எல்லாவற்றுக்கும் மேலே பெரியாஸ்பத்திரி. ஊடே தனியார் கிளினிக், மெடிக்கல் ஷாப். 108 வந்தால் நோயாளியை மேலே சேர்த்துவிடுகிறோம். டிஸ்சார்ஜ் ஆகி ஊர் திரும்புகிறவரை யாரிடம் ஒப்படைக்கிறோம்?

சேடபட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். சுகாதார நிலையத்து அட்டையில் 'கிளிமிபிரைடு' என்று சர்க்கரை மருந்தின் பெயரே இருந்தது. கிளினிக்கில் வாங்கிய அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாக. அதே கிளிமிபிரைடு கீழே பொடி எழுத்தில். காலையில் அதில் ஒன்று, இதில் ஒன்று. பத்து மணிக்கு வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். "வெயிலுக்குக் கிறுகிறுன்னு வருது சாமி" என்றார். வெயில் பாவம், அதற்கென்ன தெரியும்! ஒரே மருந்து இரண்டு தடவை உள்ளே போய், ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது. இரண்டு டாக்டரும் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். உள்ளூரிலேயே பயிற்சி பெற்றவர் கண்ணைச் சோதிப்பார். டாக்டர் வீடியோவில் பேசுவார். ஆபரேஷன் தேவைப்படுகிறவர் பஸ் ஏறினால் போதும். அங்கே இரு முனைக்கும் ஒரே நிர்வாகம், ஒரே பதிவேடு. நம் பாட்டிக்கோ ஆளுக்கொரு சீட்டு.

கம்ப்யூட்டர் பதிவு வரும்போது வரட்டும். இப்போதைக்கு நோயாளி கையில் ஒரே நோட்டு போதும். எந்த டாக்டரானாலும் மருந்தின் மூலப்பெயரை அதில் எழுதட்டும். 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர், பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார். திண்ணையில் உட்கார்ந்து பையைப் பார்க்க அவரைவிட நல்ல ஆள் இல்லை. சந்தேகம் வந்தால் அவர் கூப்பிட வட்டாரத்துக்கு ஒரு நர்ஸ், ஒரு போன் நம்பர் வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனவர் பட்டியலும் அன்றன்றே அந்த நர்ஸுக்குப் போக வேண்டும்.

தனியார் டாக்டர்கள் ஒத்துவருவார்களா என்று கேட்கிறார்கள். காசநோயில் வந்திருக்கிறார்களே! தாங்கள் பார்க்கும் காசநோயாளியை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம், ஊக்கத்தொகையும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கும் அப்படியொரு ஏற்பாட்டை ஒரு வட்டாரத்தில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம்.

அதுவரை, எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டை அத்தனையும் கொண்டுபோங்கள், தீர்ந்துபோன அட்டை உட்பட. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், காட்டிக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.