இரண்டு சதவீதத்தோடு முடிந்துவிடுமா பொறுப்பு?

[காட்சி: எண்ணூர் முகத்துவாரம், காலை நேரம்]

பறியை, அதாவது மீன் போடும் கூடையை, பல்லில் கடித்துக்கொண்டு, கழிமுகத்துச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இவர்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைகள் பக்கமிருந்து வந்த எண்ணெய் இதே நீரில் படர்ந்தது. படகும் வலையும் கறுத்துப்போயின. அந்த எண்ணெயை வாளி வாளியாக அள்ளியவர்களும் மீனவர்கள்தான். ஆலை ஒருவருடையது, அழுக்கு இன்னொருவர் தலையில். இது அநியாயம்.

[காட்சி: மணலி ஆலைகள்]

சட்டம் என்ன சொல்கிறது? கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135: ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்டாலே, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இங்கே கிளை வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். பள்ளிக்கு பெஞ்சு, மருத்துவ முகாம் எல்லாம் இந்தப் பணத்தில்தான் வருகின்றன. வரட்டும், ஊருக்கு அவை தேவை. ஆனால் தன் கழிவுநீரைச் சுத்திகரித்துவிட்டு, அதை ஊருக்குச் செய்த உதவியாகக் கணக்கு எழுத முடியாது. வேறு சட்டப்படி செய்தே தீர வேண்டிய வேலை இதில் சேராது என்று 2021இல் திருத்தப்பட்ட விதிகள் கறாராகச் சொல்கின்றன.

[காட்சி: உலக வரைபடம்]

பன்னாட்டு நிறுவனம் என்றால் சிக்கல் இன்னும் கூடும். 1984 போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, ஆலையை நடத்தியது தனி இந்திய நிறுவனம் என்றே அமெரிக்காவின் யூனியன் கார்பைடு வாதாடியது. 2013இல் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தைத்த துணிகள் மேலைநாட்டு பிராண்டுகளுக்குப் போனவை; ஆலைகளோ அந்த பிராண்டுகளுக்குச் சொந்தமல்ல. இந்தத் தப்பிக்கும் வழியை அடைக்கத்தான் பிரான்ஸ் 2017இல் சட்டம் போட்டது: துணை நிறுவனமும் சப்ளையரும் செய்யும் கேட்டைத் தடுக்கும் பொறுப்பு பெரிய தாய் நிறுவனங்களுக்கும் உண்டு.

[காட்சி: அறிக்கைப் பக்கங்கள்]

இந்தியாவில், சந்தை மதிப்பில் பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் தண்ணீர், புகை, கழிவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்கிறது பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி. பட்டியலிடப்படாத துணை நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பெரிய ஓட்டை இது.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. உங்கள் தெருவுக்குப் பக்கத்து ஆலைக்குத் தந்த இசைவாணையின், அதாவது இயங்குவதற்கான அனுமதியின், நகலை, தகவல் உரிமைச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீர், எங்கே விட அனுமதி என்பது அதில் இருக்கும்.