எஃப்20 அமுக்கினால் மைக் ஏன் அணைகிறது? லினக்ஸில் ஆறு பட்டன் பேட்

வணக்கம் மக்களே. போன வீடியோவில் எடிட்டிங் பற்றி அவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசினேன், அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மேசை ஓரத்தில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி தெரிந்ததே, அது என்ன, எங்கே வாங்கினீர்கள், லினக்ஸில் ஓடுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். சரி, இன்று பெட்டியைப் பற்றியே பேசிவிடுவோம்.

நாம் விரும்புகிற வேலையை ஒரே அமுக்கில் செய்ய ஒரு குட்டிக் கீபேட். ஆறு பட்டன், மேலே திருகுகிற ஒரு நாப், ஒரு யூஎஸ்பி வயர், அவ்வளவுதான். கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. 1,349 ரூபாய்க்கு வாங்கினேன். அடுத்த வாரமே அதே தளத்தில், அதே விற்பனையாளரிடம், அதே கறுப்பு நிறம் 1,149 ரூபாய். இருநூறு ரூபாய்! தொகை பெரிதில்லை, தெரியும். ஆனால் வாங்கின பொருளின் விலையைத் திரும்பப் போய்ப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு என்பது பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "நீங்கள் வாங்கிய பொருள் இப்போது விலை குறைந்துள்ளது" என்று மெயில் வேறு. அதை எனக்கு எதற்கு அனுப்புகிறீர்கள், இன்னொன்று வாங்கி நெஞ்சில் சாய்த்துக்கொள்ளவா?

ஸ்ட்ரீம் டெக் வாங்கியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். எல்காட்டோ ஸ்ட்ரீம் டெக் நல்ல பொருள், ஒவ்வொரு பட்டனிலும் குட்டித் திரை, பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அவர்களுடைய சொந்த மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும். லினக்ஸுக்கு ஓபன்டெக், ஸ்ட்ரீம்கன்ட்ரோலர் என்று ஆர்வலர்கள் எழுதியவை இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அவை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். என் பெட்டியில் நாம் செய்கிற அமைப்பு பெட்டிக்குள்ளேயே பதிந்துவிடும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது இன்னொரு கீபோர்டு, அவ்வளவுதான். எனக்கு அதுதான் பிடித்தது.

இப்போது எரிச்சல் பகுதி. பெட்டியோடு வந்த துண்டுச் சீட்டில் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் யாரோ ஒருவருடைய ஆன்லைன் ஃபோல்டர், அதற்குள் பட்டன்களை அமைக்க ஒரு விண்டோஸ் இஎக்ஸ்இ புரோகிராம். அதை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், எதுவும் இல்லை. "விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் போட்டு ஓட்டிவிடுங்கள்" என்று ஒரு கமெண்ட். மாட்டேன். ஆறு பட்டனுக்காக ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டமா?

தேவையும் இல்லை. இந்த மாதிரிப் பேடுகளுக்கென்றே சிஹெச்57எக்ஸ்-கீபோர்டு-டூல் என்று ஒரு ஓபன் சோர்ஸ் கருவி இருக்கிறது, ரஸ்ட் மொழியில் எழுதியது, டெர்மினலில் கார்கோ இன்ஸ்டால் என்று கட்டளை போட்டால் வந்துவிடும். உங்கள் பெட்டிக்குப் பொருந்துமா என்று பார்க்க, யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை ஓட்டுங்கள், 1189 என்று தொடங்கும் எண் இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஏசர் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு பெயர் வரும், குழம்ப வேண்டாம், பெட்டியில் எங்கே தேடினாலும் ஏசர் என்று ஒரு எழுத்துகூட இல்லை.

அமைப்பை யாம்ல் என்ற வடிவத்தில் ஒரு எழுத்துக் கோப்பாக எழுத வேண்டும். எத்தனை வரிசை, எத்தனை நெடுவரிசை, எத்தனை நாப், எந்தப் பட்டனுக்கு எந்தக் கீ. எழுதிவிட்டு, பிழை பார்க்க வேலிடேட், அப்புறம் பெட்டிக்கு அனுப்ப அப்லோட். இரண்டு நொடி. யாம்லில் டேப் போடக்கூடாது, ஸ்பேஸ்தான், அதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். அப்லோட் செய்ய முதலில் அனுமதி வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் சுடோ போட்டு நிர்வாகியாக ஓட்ட வேண்டும். இதற்கு ஒரு யூடெவ் விதி, அதாவது செருகுகிற சாதனத்தை யார் தொடலாம் என்று சொல்லும் சின்னக் கோப்பு, எழுத வேண்டும், இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் 0666 போடு என்கிற விதி. கம்ப்யூட்டரில் இருக்கிற எந்தக் கணக்கும், எந்தப் புரோகிராமும் அந்தச் சாதனத்தில் எழுதலாம் என்று அதற்கு அர்த்தம். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. யூஅக்செஸ் என்ற டேக் போட்டால் இப்போது உட்கார்ந்து லாகின் செய்திருக்கிறவருக்கு மட்டும் அனுமதி கிடைக்கும். ஆனால் அதில் ஒரு சிக்கல்: பழக்கத்தில் கோப்பின் பெயரை 99 என்று தொடங்கினால் வேலை செய்யாது, பிழைச் செய்திகூட வராது. அந்த டேக்கைப் படிக்கிற சிஸ்டம் விதி 73-ல் இருக்கிறது, நம்முடையது அதற்கு முன்னால் வர வேண்டும். 70 என்று தொடங்குங்கள், வயரைப் பிடுங்கிச் செருகுங்கள், முடிந்தது.

சரி, பட்டனில் என்ன கீ போடுவது? கன்ட்ரோல்-சி, ஷிஃப்ட்-ஆர் என்று நேராகப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு அங்கேதான் உதைக்கும். பெட்டி எழுத்தை அனுப்புவதில்லை, கீயின் எண்ணைத்தான் அனுப்புகிறது. நான் எடிட் செய்கிற கேடென்லைவ் செயலியில் கிளிப்பை வெட்ட ஷிஃப்ட்-ஆர். நான் தமிழ்99 கீபோர்டு அமைப்பில் டைட்டில் அடித்துவிட்டு அப்படியே அமுக்கினால், ஆர் இருக்கும் இடத்தில் ஐ இருக்கிறது. சில செயலிகள் சமாளித்துக்கொள்ளும், சில விழிக்கும். அதனால் என் கட்சி இதுதான்: பெட்டியிலிருந்து அர்த்தமே இல்லாத கீயை அனுப்புங்கள், அர்த்தத்தை டெஸ்க்டாப் கொடுக்கட்டும்.

அர்த்தமில்லாத கீ என்றால் எஃப்13 முதல் எஃப்24 வரை. ஆமாம், அப்படி இருக்கிறது, ஐபிஎம்மின் 122 கீ கொண்ட பழைய டெர்மினல் கீபோர்டில் 24 எஃப் கீயும் வரிசையாக இருக்கும், யூஎஸ்பி தரத்திலும் அவற்றுக்கு எண் உண்டு. மேல் வரிசைக்கு 13, 14, 15, கீழ் வரிசைக்கு 20, 21, 22 என்று போட்டேன். எஃப்13 அமுக்கினேன், என் லினக்ஸ் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவின் சிஸ்டம் செட்டிங்ஸ் திறந்தது. எஃப்20 அமுக்கினேன், மைக் அணைந்தது.

நான் எதையும் இணைக்கவே இல்லை! லினக்ஸின் அடித்தளமான கெர்னலுக்கு எந்தக் கீ வருகிறது என்று காட்டும் ஈவிடெஸ்ட்டில் பார்த்தால் எஃப்20 என்றே வருகிறது. செயலிகளுக்கு என்ன போய்ச் சேர்கிறது என்று காட்டும் டபிள்யூஈவி ஓட்டிப் பார்த்தால் ஆடியோ மைக் மியூட். இரண்டும் உண்மைதான். கெர்னல் சொல்வது எஃப்20, அதற்கு மேலே உள்ள எக்ஸ்கேபி, அதாவது எந்தக் கீக்கு என்ன பெயர் என்ற பட்டியல், அதை மைக் மியூட் என்று பெயர் மாற்றிவிடுகிறது. காரணம் சுவாரசியமானது. திரையையும் கீபோர்டையும் கவனிக்கிற பழைய அமைப்பான எக்ஸ்11-ல் கீ எண் 255-க்கு மேல் போக முடியாது. லேப்டாப்பில் வருகிற மைக் மியூட், டச்பேடு கீகளின் எண் அதைத் தாண்டியது. அதனால் சும்மா கிடந்த எஃப்20, எஃப்21 வழியாக அவற்றை அனுப்பினார்கள். நான் இருப்பது அதற்குப் பதிலாக வந்த வேலேண்டில், இங்கே அந்த வரம்பு இல்லை, ஆனால் பட்டியல் அப்படியே இருக்கிறது, வீடு மாறி வருடங்கள் ஆகியும் தபால் பழைய விலாசத்துக்கே போவது போல.

இதற்கு எக்ஸ்கேபியிலேயே ஒரு ஆப்ஷன் இருக்கிறது, எஃப்13 முதல் எஃப்24 வரை சாதாரண எஃப் கீயாகவே நடத்து என்பது. பிளாஸ்மாவில் கீபோர்டு செட்டிங்ஸில் உள்ள அந்த நீண்ட பட்டியலில் தேடி டிக் செய்யுங்கள். ரொம்பப் பழைய லினக்ஸ் டிஸ்ட்ரோவில் இல்லாமல் இருக்கலாம். லேப்டாப்காரர்கள் கவனம், இதைப் போட்டால் உங்கள் லேப்டாப்பின் சொந்த மைக் பட்டன் வேலை செய்யாமல் போகலாம், அதுவும் இதே வழியில்தானே வருகிறது.

அப்புறம் எல்லாம் எளிது. எஃப்13 ஸ்கிரீன்ஷாட். எஃப்14 கேடென்லைவில் வெட்டு. எஃப்15 வீடியோ பதிவு செய்யும் ஓபிஎஸ் செயலியின் ரெக்கார்டிங், இதில் மட்டும் ஒரு சுற்று வழி: வேலேண்டில் ஓபிஎஸ் ஜன்னல் பின்னால் போய்விட்டால் அதன் ஹாட்கீ கேட்காது. ஆனால் 28-ம் பதிப்பிலிருந்து, வெளியிலிருந்து கட்டளை அனுப்ப உதவும் வெப்சாக்கெட் உள்ளேயே இருக்கிறது, அதை ஆன் செய்து, ஓபிஎஸ்-சிஎம்டி என்ற குட்டிக் கருவியின் ரெக்கார்டிங் டாகிள் கட்டளையை பிளாஸ்மா ஷார்ட்கட்டில் கொடுத்தேன். எஃப்20-க்கு நானே மைக் மியூட் கொடுத்துவிட்டேன், சிரிக்காதீர்கள், அந்த இடம் கைக்கு வசதி. எஃப்21 தமிழ், ஆங்கிலம் மாற்ற.

நாப் மட்டும் விதிவிலக்கு, அதில் நேராக அம்புக் கீ. இடப்பக்கம் திருகினால் ஒரு ஃபிரேம் பின்னால், வலப்பக்கம் ஒரு ஃபிரேம் முன்னால், அமுக்கினால் ஸ்பேஸ். நான் 'ம்ம்' என்று இழுக்கிற இடத்தைத் துல்லியமாகப் பிடித்து வெட்டுகிற சுகம் இருக்கிறதே, 1,349 கொடுத்தது அதற்காகவே என்று வைத்துக்கொள்கிறேன். டைம்லைனில் ஒருமுறை கிளிக் செய்துவிட்டுத் திருகுங்கள், இல்லையென்றால் வேறு பேனலில் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, யாம்லில் ஓரியன்டேஷன் என்று ஒரு வரி இருக்கிறது. வயர் எனக்கு இடையூறாக இருந்ததால் பெட்டியைத் திருப்பி வைத்திருக்கிறேன், அந்த ஒரு வரியை மாற்றினால் போதும், பட்டன்களைத் திரும்ப எழுத வேண்டாம்.

எஃப்22 இன்னும் காலி. என்ன போடலாம் என்று எழுதுங்கள், ஆனால் அந்த விலை குறைந்த மெயிலை யாராவது எனக்கு ஃபார்வர்டு செய்தீர்கள் என்றால் பிளாக்தான்.