வழியில் இருக்கும் வீடுகள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

'பொங்கலுக்கு ஊருக்குப் போய்ச் சொந்தபந்தங்களைப் பார்க்கச் சிறந்தது ரயில் பயணமா, சாலைப் பயணமா?' இதுதான் தலைப்பு. சாலைப் பயணமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி நல்ல கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பெருங்களத்தூரில் நிற்கிற நெரிசல், பரனூர் டோல்கேட் வரிசை, விபத்து பயம் எல்லாவற்றையும் சொன்னார். 2023 செப்டம்பரிலிருந்து சென்னைக்கும் நெல்லைக்கும் இடையே வந்தே பாரத் ரயில் ஓடுகிறது, எட்டு மணி நேரத்துக்குள் நெல்லையில் இறங்கிவிடலாம், பிறகு எதற்குக் கார் என்று முடித்தார். வேகத்தில் ரயிலோடு நான் போட்டி போட வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், நடுவர் அவர்களே. நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் இன்னும் நெல்லையிலேயே இருக்கிறார்களா?

என் தாத்தா காலத்தில் இருந்தார்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரே தெருவில் ஏழு வீடு எங்கள் வீடு. ரயிலில் இறங்கி, பஸ் பிடித்து, அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் எல்லாரையும் பார்த்தாயிற்று. இன்றைக்கு அத்தை விழுப்புரத்தில், அக்கா திருச்சியில், மாமா விருதுநகரில், பெரியப்பாவும் ஆச்சியும் மட்டும் ஊரில். தாம்பரத்திலிருந்து ஊர் வரைக்கும் சுமார் 650 கிலோமீட்டர். அந்தச் சாலை நெடுக எங்கள் குடும்பம் சிதறிக் கிடக்கிறது. உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான் என்பது, நீங்கள் தலையாட்டுவதிலேயே தெரிகிறது.

என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தையின் கணவருக்கு ரயில்வேயில் வேலை, விழுப்புரம் ஜங்ஷனில். அவர் காலமாகிப் பல வருடமாகியும் அத்தை அந்த ஊரை விட்டு வரவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது நாங்கள் ராத்திரி ரயிலில்தான் ஊருக்குப் போவோம். வண்டி விழுப்புரத்தில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்துக்காக, தூக்குச்சட்டியில் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் எடுத்துக்கொண்டு அத்தை பிளாட்பாரத்தில் காத்திருப்பார். ஜன்னல் கம்பிக்கு வெளியே அவர் கை, உள்ளே எங்கள் முகம். கன்னத்தைத் தொட்டு "நல்லாப் படிக்கியாடா?" என்று கேட்டு முடிப்பதற்குள் வண்டி நகரும். கூடவே நாலு எட்டு நடந்து வருவார்.

எதிரணி நண்பர்கள் ரயிலின் அழகு என்று எதைச் சொன்னார்களோ அது இதுதான். எனக்கும் அது அழகுதான். ஆனால் வருடத்துக்கு ஐந்து நிமிடம், அதுவும் கம்பி வழியாக. இன்றைக்கு ஏசி பெட்டி, கண்ணாடி திறக்காது. அத்தைக்கு 78 வயது, பிளாட்பாரப் படி ஏற முழங்கால் விடுவதில்லை. நடுராத்திரி நான் போர்வைக்குள் தூங்கிக்கொண்டே அவர் ஊரைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். ஒரு வருடம் இல்லை, ஆறு வருடம்.

அடுத்தது அக்கா. நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்குப் பொங்கப்படி தெரியும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கலுக்கு முன்பே பிறந்த வீட்டிலிருந்து படி போக வேண்டும். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு, பனங்கிழங்கு, சிறுகிழங்கு, காய்கறி, கூடவே கையில் கொஞ்சம் பணம். அப்பா இருந்தவரை அவர் கொண்டுபோனார். அவருக்குப் பிறகு அது என் கடமை. முதல் வருடம் ரயிலில் டிக்கெட் கிடைத்துவிட்டது. கரும்பைக் கட்டிக்கொண்டு அர்த்த ராத்திரியில் திருச்சியில் எப்படி இறங்குவது? போனிலேயே பணம் அனுப்பிவிட்டேன். அக்கா கூப்பிட்டாள். "தம்பி, படி வந்துட்டு. நீதான் வரலை" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்கு அடுத்த பொங்கலுக்குத்தான் முதல்முறையாகக் காரில் போனோம். கோயம்பேடு பொங்கல் சிறப்புச் சந்தையில் கரும்புக் கட்டும் மஞ்சள் குலையும் வாங்கி, மேலே கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றதும், எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து "பொறந்த வீட்டுச் சீரா?" என்று கேட்டார். அக்கா நிமிர்ந்து நின்று "ஆமா, என் தம்பி கொண்டாந்திருக்கான்" என்றாள். நடுவர் அவர்களே, அந்த 'ஆமா'வை எந்த ரயிலில் ஏற்றி அனுப்புவது?

சரி, சகோதரி கேட்டவற்றுக்கு வருகிறேன். நெரிசல் உண்மைதான். போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில், சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கினால் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பொழுது போய்விடும். ஒரு நாள் லீவு கூடப் போட்டு முன்னதாகக் கிளம்புங்கள். முடியவில்லையா, கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டில் போய்ச் சேருங்கள். பண்டிகை நேரத்தில் போலீசே சொல்கிற மாற்றுப்பாதைதான் அது. ரயிலில் மட்டும் நெரிசல் இல்லையா? 60 நாளைக்கு முன்பே முன்பதிவு திறக்கும் காலையில் வீடே போனும் கையுமாக உட்கார்ந்தும், சில நிமிடத்தில் காத்திருப்போர் பட்டியல் வந்து நிற்கிறதே, அது நெரிசல் இல்லாமல் வேறென்ன?

விபத்து பயத்தை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒருமுறை ராத்திரி முழுக்க ஓட்டி, உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு நொடி கண் அசந்து, சக்கரம் சாலையோரத்து மண்ணில் இறங்கிவிட்டது. பின்னால் இரண்டு பிள்ளைகளும் தூக்கத்தில். அன்றோடு இரவு ஓட்டுவதை விட்டுவிட்டேன். விடிந்த பிறகுதான் கிளம்புவது. பின் சீட்டிலும் பெல்ட். நானும் மனைவியும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். வேகம் 80-ஐத் தாண்டுவதில்லை. இரண்டு நாள் ஆகட்டும். வழியில் நமக்கு வீடுகள் இருக்கின்றனவே, எதற்கு ஒரே மூச்சில் ஓட வேண்டும்? அத்தை வீட்டில் காலைச் சாப்பாடு, அக்கா வீட்டில் ராத்தங்கல். உறவு இருப்பவனுக்கு நீண்ட சாலை பாதுகாப்பான சாலை என்பது என் அனுபவம்.

விருதுநகரில் மாமாவையும் ஏற்றிக்கொள்வோம். அதிலிருந்து வண்டிக்குள் அவர் ராஜ்ஜியம்தான். சாத்தூரில் நிறுத்தச் சொல்லிச் சேவு, கோவில்பட்டியில் நிறுத்தச் சொல்லிக் கடலைமிட்டாய். கயத்தாறு வந்ததும் இறங்கச் சொன்னார். 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் இது என்று என் மகளுக்கு அந்த இடத்திலேயே நின்று சொன்னார். அவள் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். தன் அப்பா சைக்கிள் மிதித்துக் கயத்தாறு சந்தைக்கு வந்த கதையையும் சேர்த்துச் சொன்னார் பாருங்கள், அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானே அன்றுதான் கேட்டேன். மாமாவோடு நாற்பது வருடப் பழக்கம், ஆனால் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது அந்தப் பயணத்தில்தான்.

செலவு அதிகம் என்றார்கள். பெட்ரோலும் டோலும் சேர்ந்தால் ஆகத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. ஐந்து பேரும் படிச் சாமானும் வருகிற வண்டி அது.

இந்தப் போகிக்கும் கிளம்புகிறோம். போன வாரமே அத்தை போன் செய்துவிட்டார், பிள்ளைகளுக்கு இடியாப்பம் பிழியவா, இட்லி போதுமா என்று. இடியாப்பம் என்று சொல்லியிருக்கிறேன். ஒன்பது மணிக்கு விழுப்புரத்தில் இருக்க வேண்டும். நன்றி, வணக்கம்.