வீட்டையே கெடுக்கும் அந்த ஒரு வாளித் தண்ணீர்! பெங்களூரில் வீடு கட்டுகிறீர்களா? மோல்டு (கான்கிரீட் தளம்) போடுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்

(திரையில்: மொட்டை மாடித் தரை. ஒரு கை சாவியால் கீறுகிறது. வெள்ளையாகத் தூள் எழுகிறது.)

வணக்கம். இது சுண்ணாம்பு அடித்த சுவர் இல்லை. என் சொந்த வீட்டின் முதல் தளம். கான்கிரீட் போட்டு மூன்று வாரம் கழித்து பைக் சாவியால் சும்மா ஒரு கீறு கீறினேன். கோலமாவு மாதிரி வந்தது.

சிமென்ட் நல்ல கம்பெனி. கம்பி நல்ல கம்பெனி. எம்-சாண்ட், அதாவது பாறை உடைத்த மணல், கழுவி வந்தது. டைல்ஸ் தேடி நான் ஹோசூர் ரோடு முழுக்க நான்கு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். இத்தனை செய்தும் கெடுத்தது எது தெரியுமா? பைசா செலவில்லாமல் பைப்பில் வந்த தண்ணீர்.

அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். அதற்கு முன் சலிப்பான சமாசாரத்தை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஏ காத்தாவா பி காத்தாவா (காத்தா என்றால் மாநகராட்சியின் சொத்துப் பதிவு), இ-காத்தா (அதன் ஆன்லைன் பதிவு) ஏறிவிட்டதா, வில்லங்கம் சுத்தமா, பிளான் சாங்ஷன் ஆனதா, சுற்றிவர செட்பேக், அதாவது காலி இடம், விட்டாயிற்றா? இதையெல்லாம் சைட்டில் முதல் கல் விழுவதற்கு முன்பே ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். ஓ.சி., அதாவது வீடு முடிந்தது, குடியேறலாம் என்ற சான்று, அதைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சான்று இருந்தால்தான் கரண்ட், தண்ணீர் இணைப்பு என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சின்ன சைட்டுகளுக்கான விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி இறங்க வேண்டாம். சரி, காகிதம் முடிந்தது. தூங்கியவர்கள் எழுந்திருக்கலாம்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊரில் ஏரியைத் தூர்த்துத்தான் பாதி அடையாளங்களே உருவாகியிருக்கின்றன. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் ஐ.டி. ஆட்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் சைட் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு முறை, கொட்டுகிற மழையில், குடை பிடித்துக்கொண்டு போய் நில்லுங்கள். பக்கத்தில் ராஜகாலுவே, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய், எங்கே ஓடுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். புரோக்கர் மழையில் வர மாட்டார். அதுவும் ஒரு தகவல்தான்.

கம்பிக்கு ஒரு குட்டி வித்தை சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது. 12 மில்லிமீட்டர் கம்பியில் சரியாக ஒரு மீட்டர் துண்டை வெட்டி சமையலறைத் தராசில் வையுங்கள். 888 கிராம் காட்ட வேண்டும். ராசியான எண்! சூத்திரம் எளிது: விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 800 கிராம் காட்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். தராசை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துப் போய், கழுவித் திருப்பி வைத்துவிடுங்கள். நான் மாட்டிக்கொண்டேன்.

இப்போது மோல்டு நாளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் தளம் போடுவது, ஒட்டுவது என்பார்கள். இங்கே கன்னடக்காரர், தமிழர் எல்லோருக்கும் மோல்டுதான்.

காலை ஆறரை மணி. கல்கெரே பக்கம், 30க்கு 40 சைட். மிக்சர் மெஷின் உறுமுகிறது. மேஸ்திரி திருப்பத்தூர்க்காரர். சித்தாள்கள் தலையில் சும்மாடு கட்டி ரெடி. காண்ட்ராக்டர் பொங்கலும் வடையும் வாங்கி வந்திருக்கிறார், நல்ல மனுஷன்தான். மிக்சர் பக்கத்தில் ஒரு பையன். கையில் பச்சை பைப். ஒவ்வொரு மூட்டை சிமென்ட் விழும்போதும் டிரம்முக்குள் பைப்பைக் காட்டுகிறான். எவ்வளவு? அவன் மனசு எவ்வளவோ அவ்வளவு.

"அண்ணா, ரொம்பத் தண்ணியா இருக்கே?"

"சார், ஓடணும் சார். ஓடினாத்தான் கம்பி இடுக்குல எல்லாம் போகும்."

காண்ட்ராக்டர் என் தோளில் கை போட்டார். "டென்ஷன் மாட்கோபேடி சார்." டென்ஷன் வேண்டாமாம். நான் வடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட விலை உயர்ந்த வடை அதுதான்.

(திரையில்: இரண்டு தட்டு. ஒன்றில் உப்பிய இட்லி. இன்னொன்றில் தட்டையாக, நடுவில் பள்ளம் விழுந்த இட்லி.)

இட்லி மாவில் கை தவறி ஒரு சொம்பு தண்ணீர் கூடிவிட்டால் என்ன செய்வோம்? "சரி, தோசையா ஊத்திடலாம்" என்போம். கான்கிரீட்டில் அந்த வசதி கிடையாது. இட்லி மாவு தோசை மாவானால், உங்களுக்குக் கிடைப்பது தோசை போன்ற தளம்.

காரணம் ரொம்ப அழகானது. கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. சிமென்ட்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்து கல்லாகின்றன. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு அந்த வினைக்கு நேரடியாகச் செலவாவது சுமார் 12 லிட்டர் தண்ணீர்தான். மீதி பெரும்பாலும் கலவை இளகி, அள்ளவும் பரப்பவும் வசதியாக இருப்பதற்கு ஊற்றுவது. வேலை முடிந்ததும் அது சும்மா இருக்குமா? மேலே ஏறி வரும், ஆவியாகும், போகிற வழியில் ஊசித் துளைகளை விட்டுவிட்டுப் போகும். அந்தத் துளை வழியாக நாளைக்கு மழைத்தண்ணீர் இறங்கும். கம்பி துருப்பிடிக்கும். துரு, கம்பியை விட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளும். பழைய வீடுகளில் சீலிங் பெயர்ந்து, கம்பி விலா எலும்பு மாதிரி தெரிவதைப் பார்த்திருப்பீர்களே, அது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்பதை டஃப் ஆப்ரம்ஸ் என்ற அமெரிக்கர் 1918லேயே அளந்து சொல்லிவிட்டார். மூட்டைக்கு 25 லிட்டருக்குப் பதில் 35 லிட்டர் ஊற்றினால், பலத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஆவியோடு போய்விடும். நூறு வருஷம் கழித்தும் அந்தப் பையனிடம் யாரும் சொல்லவில்லை. அவன் மேல் தப்பில்லை. இளகின கலவை என்றால் சட்டி சட்டியாகத் தூக்குகிறவர்களுக்கு முதுகு வலி குறைவு. உங்களுக்குக் கெட்டியான கலவை வேண்டும் என்றால், அதைக் கம்பிக்கு நடுவில் இறக்கி உட்கார வைக்க வைப்ரேட்டர் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். இளக்கம் இன்னும் வேண்டும் என்றால், தண்ணீர் கூட்டாமலே இளக்கும் பிளாஸ்டிசைசர் என்ற மருந்து இருக்கிறது. தண்ணீர்தான் ஒரே வழி என்று இல்லை.

கான்கிரீட்டுக்கு நம் நாட்டு விதி ஐ.எஸ். 456. சாதாரண வீட்டுத் தளத்துக்கான எம்20 கலவையில், அதாவது சிமென்ட் 1, மணல் ஒன்றரை, ஜல்லி 3 என்ற கணக்கில், மூட்டைக்கு உச்ச வரம்பு 30 லிட்டர் என்கிறது. அதிலும் ஒரு கிடுக்கிப்பிடி: மணலிலும் ஜல்லியிலும் இருக்கும் ஈரமும் அந்தக் கணக்கில் சேரும். ராத்திரி மழை பெய்து எம்-சாண்ட் நனைந்திருந்தால், வாளியில் அந்த அளவைக் குறைக்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? 30 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு இரும்புக் கூம்பு இருக்கிறது. அதில் கலவையைக் குத்தி நிரப்பி, கூம்பை மெதுவாகத் தூக்குங்கள். அசப்பில் சிமென்ட் புட்டு! லேசாக அமர்ந்து, 5 முதல் 10 சென்டிமீட்டர் இறங்கினால் சரி. சாம்பார் மாதிரி தட்டெல்லாம் பரவினால் அந்த டிரம்மை நிறுத்துங்கள். இன்ஜினியர் கூம்பு கொண்டு வரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், இஎம்ஐ கட்டப்போவது நீங்கள்.

அப்புறம்தான் பெரிய வேடிக்கை. போடும்போது தண்ணீரைக் கொட்டினார்களே, அதே ஆட்கள் மறுநாளிலிருந்து தண்ணீர்ப் பக்கமே போக மாட்டார்கள்! கலக்கும்போது தண்ணீர் குறைவாக வேண்டும், போட்டு இறுகிய பிறகு, அந்த வேதிவினை தொடர்ந்து நடக்க, நிறைய வேண்டும். நடப்பது நேர்மாறு. எங்கள் தளத்தில் பாத்தி கட்டினார்கள், முதல் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் கேட்டேன், "ஊத்தியாச்சு சார்." நான்காம் நாள் சொல்லாமல் போனேன். பாத்தியில் காக்கா ஒன்று காலாற நடந்துகொண்டிருந்தது. தூணில் சுற்றிய சாக்கு அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது.

சாதா சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. என்ற சாம்பல் கலந்த சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் தளம் ஈரமாகவே இருக்க வேண்டும். இப்போது வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் பி.பி.சி.தான், மூட்டையில் பாருங்கள். 1,000 சதுர அடி தளத்தில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட சுமார் 4,650 லிட்டர் ஆகும். 6,000 லிட்டர் டேங்கரில் முக்கால்வாசி. இந்த ஊரில் அது சாதாரண விஷயமா? காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் செய்து வருகிறது. 2024 மார்ச்சில் கட்டட வேலைக்குக் குடிநீரைத் தொட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். அதனால் நனைத்த சாக்கைப் பரப்பி, அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட் மூடுங்கள். ஈரம் தங்கும், டேங்கர் மிச்சம்.

அதே தளத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் விழுகிறது, இலவசமாக. மழைநீர்க் குழாயையும் சம்ப் என்ற தரையடித் தொட்டியையும் அஸ்திவாரம் தோண்டும்போதே யோசியுங்கள். இதற்குத் தனி வீடியோ போடுகிறேன், எத்தனை பேருக்கு வேண்டும் என்று கீழே சொல்லுங்கள்.

தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுப் பிரிப்பதிலும் அவசரம் வேண்டாம். தாங்கும் சுவருக்குச் சுவர் நாலரை மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்பது விதி. ஆனால் அது சாதா சிமென்ட்டுக்கு, வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு. நம் டிசம்பர், ஜனவரி ராத்திரிகள் அதற்குக் கீழே போவதுண்டு. பி.பி.சி. என்றால் இன்னும் மெதுவாகத்தான் பலம் ஏறும். முட்டுக்கு வாடகை ஓடுகிறது என்பார்கள். ஓடட்டும்.

சரி, என் தளம் என்ன ஆயிற்று? இன்ஜினியர் வந்து சுத்தியல் மாதிரி ஒரு கருவியால் பத்துப் பதினைந்து இடத்தில் தட்டிப் பார்த்தார். மேலே அரை இஞ்ச் சவலை, உள்ளே பரவாயில்லை என்றார். சுரண்டியெடுத்து மறுபூச்சு போட்டோம். என் பாக்கெட்டையும் சேர்த்துத்தான் சுரண்டினார்கள்.

இரண்டாவது தளத்துக்கு அதே மேஸ்திரிதான். ஆனால் பச்சை பைப் இல்லை. 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றில் 13 லிட்டர் அளவுக்குச் சிவப்பு டேப் ஒட்டினோம். மூட்டைக்கு இரண்டு வாளி, அவ்வளவுதான். மிக்சர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என் அம்மா உட்கார்ந்துகொண்டார். பையன் மூன்றாவது வாளியைத் தூக்கினால், "தம்பி, கோடு" என்று ஒரே ஒரு சத்தம். மத்தியானத்துக்குள் அவனே டேப்பைக் குனிந்து பார்த்து ஊற்ற ஆரம்பித்துவிட்டான். அன்றைக்கும் வடை வந்தது. அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

(திரையில்: இரண்டாவது தளம். அதே சாவி. கீறுகிறது. சாவியின் வெள்ளிக் கோடு மட்டும் விழுகிறது.)

உங்கள் வீட்டில் வாளிப் பக்கத்தில் நாற்காலி போட்டு யாரை உட்கார வைப்பீர்கள்? கமென்ட்டில் எழுதுங்கள். மாமியார் என்று எழுதுகிற முதல் ஆளுக்கு நான் பின் போடுகிறேன்.