மலை உச்சிக்கு எத்தனை ஆம்பியர் சுமப்பது?

[காட்சி: சாவன்துர்கா பாறைச் சரிவு. முதுகுப்பையோடு மூச்சு வாங்க ஏறும் ஒருவர்.]

வணக்கம். விடியற்காலையில் பெங்களூரு அல்சூரில் கிளம்பி மாகடி பக்கம் வந்தாயிற்று. மேலே பிளக் பாயிண்ட் கிடையாது. ஹாம் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக ஊர் ஊராகப் பேசும் ரேடியோவுக்கு, வேண்டிய கரண்ட் முழுக்க என் முதுகில்தான் ஏறுகிறது. முதல் தடவை யூபிஎஸ்ஸில் போடும் 7 ஆம்பியர் ஹவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கொள்ளளவு) ஈய பேட்டரி இரண்டைத் தூக்கி வந்தேன். ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல். பாதிப் பாறையிலேயே ஞானம் பிறந்துவிட்டது.

[காட்சி: அட்டையில் பேனாவால் கணக்கு.]

என் ரிக், அதாவது ரேடியோ செட், 10 வாட். பேசும்போது 2.5 ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது 0.4. நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பேச்சு, மூன்று மணி நேரம் கேட்பு என்றால் 3.7 ஆம்பியர் ஹவர். அவ்வளவுதான். இதே கணக்கை 100 வாட் ரிக்குக்குப் போட்டால் 20-ஐத் தாண்டும்.

"10 வாட் எடுபடுமா?" என்பார்கள். பத்தில் ஒரு பங்கு என்பது 10 டெசிபல் குறைவு. சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு புள்ளிக்கு 6 டெசிபல். எதிர்முனையில் இரண்டு புள்ளிகூட முழுதாக இறங்காது! பேட்டரியைப் பெரிதாக்கும் முன் வாட்டைக் குறைத்துப் பாருங்கள். ஆன்டெனாவை இன்னும் கொஞ்சம் உயரத்தில் கட்டுங்கள்.

[காட்சி: மல்டிமீட்டர்.]

பெரும்பாலான ரிக்குகள் 13.8 வோல்ட்டை எதிர்பார்ப்பவை. ஈய பேட்டரி பளு ஏறியதும் 12-க்குக் கீழே சரியும். ஆயுள் வேண்டுமென்றால் பாதிக்கு மேல் காலி செய்யவும் கூடாது. நான்கு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி கடைசிவரை ஏறக்குறைய 13-லேயே நிற்கும். இந்த 6 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒரு கிலோகூட இல்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பேட்டரி வாங்கும்போதே ஃபியூஸும் வாங்கிவிடுங்கள். அதை பேட்டரிக்கு ஒட்டினாற்போல, பாசிட்டிவ் ஒயரில் போட வேண்டும். ஷார்ட் ஆனால் இது கொட்டும் கரண்ட்டில் ஒயர் உருகிவிடும்.

[காட்சி: பாறைமேல் விரித்த சோலார் பேனல்.]

அப்புறம் சோலார். பேனலை நேராக பேட்டரியில் மாட்டாதீர்கள். '12 வோல்ட் பேனல்' வெயிலில் திறந்த நிலையில் 20-ஐத் தாண்டும். நடுவில் அதைக் கட்டுப்படுத்தி ஏற்றும் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். வில்லனும் அதுதான். போன மாதம் நான் பேசும் 40 மீட்டர் பேண்டில் (அலைவரிசைப் பகுதி) ஒரே இரைச்சல். கீழே போகும் மின்கம்பியைத் திட்டிக்கொண்டே அரைமணி நேரம் போனது. கன்ட்ரோலரைக் கழற்றினேன், பேண்ட் துடைத்துவிட்டது போல அமைதி. அதற்குள்ளே வேகமாகத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரேடியோ அலையாகக் கசிந்திருக்கிறது. இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தில் ஒயரைச் சுற்றினேன், குறைந்தது, ஒழியவில்லை.

அதனால் இப்போது இட்லிப் பொட்டலம் பிரியும்போது பேனல் ஏறும். ஹெட்போன் காதில் ஏறினால் பேனல் இறங்கும். குரங்குகள் வந்தால் எல்லாமே பைக்குள் போகும்.

[ஒலி: இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரல்.]

கோயம்புத்தூர் போலிருக்கிறது. இருங்கள், பேனலைக் கழற்றிவிடுகிறேன்.